இயற்றியவர் பெயரைக் கேளுங்கள்

கோலசிலாங்கூர் தொடங்கி புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஈறாக, இவ்வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தோர் குடியேறிய தாமான்களிலும் வாழ்கின்ற இளம் ரசிகர்களுக்கும், உறுமி மேளக் குழுக்களின் அங்கத்தினர்களுக்கும்:

உங்களிடம் ஒரு விண்ணப்பத்தை வைக்கும் பொருட்டே இம்மடலை எழுதத் துணிந்தேன். என் தலைமுறையினர் ஒரு புதிய பாட்டைக் கேட்க வேண்டுமானால், வானொலி நிலையத்தார் மனம் வைக்கும் வரையிலோ, பட்டணத்துக்குப் போனவர் யாரேனும் ஓர் ஒலிநாடாவை வாங்கி வரும் வரையிலோ பொறுமையோடு காத்திருக்க வேண்டியிருந்தது. நீங்களோ, வேலை முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்த மாத்திரத்தில், சிக்காகோவிலும் பெர்லினிலும் சென்னையிலும் டொராண்டோவிலும் நேற்று இயற்றப்பட்ட மின்னணு இசையை இன்றே கேட்டுவிடுகிறீர்கள். இந்தப் பாக்கியத்தைக் கண்டு நான் பொறாமைப்படவில்லை, மனமார வாழ்த்துகிறேன். ஆனால், ‘செம பீட்’ என்று சொல்லி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அந்த டிராக்கை இயற்றியவர் யார், எந்த ஊர்க்காரர், எந்தக் கருவியைக் கொண்டு அந்த ஒலியைப் பிறப்பித்தார் என்று வினவினால், உங்களில் பெரும்பாலோர் சிரித்துவிட்டு அடுத்த டிராக்குக்குப் போய்விடுகிறீர்கள். அதை முழுவதும் கேட்டவர்களும் சொற்பமே. அரை நிமிஷத் துண்டே போதுமென்று பலர் இருந்துவிடுகிறீர்கள். புதிய இசையொன்றைக் கண்டெடுத்தேன் என்று சொல்பவர், அதைக் கடைசி வரையில் கேட்டு, அதன் கர்த்தாவின் பெயரையும் விசாரித்து அறிந்த பிறகே அப்படிச் சொல்லும் உரிமையைப் பெறுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு ஆதாரமான விஷயங்களுக்குள் புகுவதற்கு முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இது யந்திரத்தின் இரைச்சல், இதைப் போய்ச் சங்கீதம் என்கிறார்களே’ என்று அவர்கள் முகம் சுளிப்பதை நான் அறிவேன். அப்படிச் சொல்பவர்களே, கோயிலில் தீபாராதனை வேளையில் பூசாரி விசையைத் தட்டியதும் மின்சார மோட்டார் சுழன்று மணியையும் முரசையும் ஒருங்கே அடிக்கின்ற அந்த யந்திரத்தின் முன்னிலையில் கண்களை மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். தாள யந்திரம் தமிழனுக்குப் புதிதென்று இனி யார் சொல்ல முடியும்? கச்சேரி மேடைகளிலே பாடகரின் பக்கத்தில் தம்பூராவுக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி சுருதி கூட்டுகிறதே, அதுவும் பெங்களூரில் எழுபதுகளின் இறுதியில் உருவாகிப் பரவிய மின்னணுச் சாதனம்தான். ஆர்மோனியத்தை நம்முடைய சங்கீதத்துக்கு ஒவ்வாத அந்நியப் பெட்டி என்று தீர்மானித்து, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. இன்று அது இல்லாத பஜனை ஏது? ஆகவே பெரியவர்களோடு தர்க்கம் செய்து காலத்தை வீணாக்காதீர்கள். அவர்கள் எந்த வாத்தியத்தையும் ஏற்றுக்கொள்ளச் சிறிது அவகாசம் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1982-ஆம் ஆண்டில், பம்பாயில் இந்தித் திரைப்பட வாத்திய கோஷ்டிகளில் கிட்டார் முதலியவற்றை வாசித்து ஜீவனம் செய்துவந்த சரண்ஜித் சிங் என்ற வித்வான், ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியார் சமீபத்தில் சந்தைக்குக் கொண்டுவந்திருந்த மூன்று கருவிகளைத் தம் முன்னே பரப்பிக்கொண்டார். ஒன்று, ஜூப்பிட்டர் 8 என்னும் சிந்தசைசர்; மற்றொன்று, டி.ஆர்.808 என்னும் தாள யந்திரம்; மூன்றாவது, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குத் துணையாக பேஸ் கிட்டாரின் வேலையைச் செய்யட்டும் என்ற எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்ட டி.பி.303 என்னும் வெள்ளி நிறச் சிறு பெட்டி. திரைப்படங்களெல்லாம் டிஸ்கோ மயமாகியிருந்த அக்காலத்தில், தபலாவை ஒதுக்கிவிட்டு அந்த டிஸ்கோ தாளத்தின் மேலேயே ராகங்களை வாசித்தால் என்ன என்ற யோசனை அவருக்கு உதித்தது. அப்படி அவர் பதிவு செய்த பத்து ராகங்களும் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற பெயரில் ஓர் இசைத்தட்டாக வெளிவந்தன. பைரவ், யமன், பூபாளி, மால்கௌன்ஸ், பைராகி என்று அட்டையில் உள்ள இந்துஸ்தானிப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். அவை முறையே நமது மாயாமாளவகௌளை, கல்யாணி, மோகனம், இந்தோளம், ரேவதி ஆகியவற்றின் உடன்பிறப்புகள். கோயில் நாதஸ்வரத்தில் நீங்கள் பெயர் தெரியாமல் கேட்டு வளர்ந்தவை அவை.

அந்த இசைத்தட்டில் என்னைப் பெரிதும் ஈர்த்த அம்சம் தாளமன்று, டி.பி.303 என்ற அந்தச் சிறு பெட்டியின் நடை. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு இடையில் அறுபடாமல் வழுக்கிக்கொண்டு செல்வதற்கு அதில் ஒரு வசதி உண்டு. பியானோவைப் போல் ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் வாத்தியத்தில் நம் ராகங்கள் ஊமையாகிவிடுவதும், வீணையிலும் வயலினிலும் நாதஸ்வரத்திலும் ஜாரு முதலிய கமகங்களால் அவை உயிர் பெறுவதும் நாம் அறிந்ததே. பேஸ் கிட்டாருக்குப் பிரதியாகச் செய்யப்பட்ட ஒரு பெட்டியில் அந்த வழுக்கலைக் கண்டுகொண்டு, இது ராகத்துக்கு ஆகும் என்று நிச்சயித்த செவி சாமானியமான செவியன்று.

ஆயினும் அந்த இசைத்தட்டு விற்கவில்லை. பம்பாய்க்காரர்களுக்கு அது டிஸ்கோவாகவும் தோன்றவில்லை, ராகமாகவும் தோன்றவில்லை போலும். பெட்டியின் கதியும் அதுவே ஆயிற்று. பேஸ் கிட்டாரைப் போல் அது கொஞ்சமும் ஒலிக்கவில்லை என்று வாங்கியவர்கள் சலித்துக்கொள்ள, ரோலண்ட் கம்பெனியார் 1984-இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதனை வாங்கிய சிக்காகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் சிலர், பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் திருகுகளை மனம் போனபடி திருப்பிப் பார்த்ததில் பிறந்த, முனகலும் சீறலும் கலந்த ஒலியைக் கொண்டு, ஃப்யூச்சர் என்ற குழுவின் பெயரில் 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற நீண்ட இசையை வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்று உலகமெங்கும் பரவிய மார்க்கம் அதிலிருந்து கிளைத்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்பே பம்பாயில் ஒருவர் அதே பெட்டியிலிருந்து ஏறக்குறைய அதே ஒலியை எழுப்பியிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் இவர்களைத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சிக்காகோ இளைஞர்கள் யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. சரண்ஜித் சிங்கும் ஒரு மார்க்கத்தைத் தோற்றுவிக்கும் நோக்கத்தோடு அமரவில்லை.

பிறகு நடந்ததே நமக்கு முக்கியம். எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், பழைய இந்திய இசைத்தட்டுகளைத் தேடித் திரிபவர், 2002-இல் தில்லியில் இந்தத் தட்டைக் கண்டெடுத்தார். கேட்டுத் திகைத்தவர், திகைப்போடு நின்றுவிடவில்லை. அட்டையில் இருந்த பெயருக்குரியவர் உயிரோடிருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு பம்பாய்க்குச் சென்று, அவரையே நேரில் கண்டு பேசி, 2010-இல் அதனை மறுபடியும் வெளியிட்டார். 1982-இல் இப்படியோர் இசை இருந்திருக்க முடியாது, இது யாரோ ஓர் ஐரோப்பியக் கலைஞர் செய்த கேலி என்று சிலர் சந்தேகித்தது ஒரு வேடிக்கை. எழுபது வயதை எட்டிய பெரியவர் ஐரோப்பிய மேடைகளில் அதே கருவிகளோடு தோன்றி வாசித்துக் காட்டி அச்சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார். 2015-இல் அவர் காலமானபோது, இருபது ஆண்டுகள் ஒருவரும் சீந்தாமல் கிடந்த அந்த இசைத்தட்டைத் தங்கள் சொந்தச் சொத்தாக எண்ணியவர்கள் பல தேசங்களிலும் வருந்தினார்கள். ஒரு ரசிகர் பெயர் கேட்டதனால் விளைந்த பலன் இது. இதே போன்று, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் 1969-இல் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவிக் கொடுத்ததும், கீதா சாராபாய் முதலியோர் அதில் செய்த பரிசோதனைகளும், அவற்றின் நாடாக்கள் அரை நூற்றாண்டு காலம் அலமாரியில் உறங்கி, பால் பர்காஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞரின் முயற்சியால் 2023-இல் வெளிவந்ததும் தனியே விரித்துரைக்கத் தக்கவை.

தமிழ் இசையுலகில் மின்னணுக் கருவிகள் நுழைந்த வரலாறு உங்களுக்கு ஒருவாறு தெரிந்ததாகையால் அதில் நான் அதிக நேரம் நிற்கவில்லை. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்காக இளையராஜா கணினியின் துணைகொண்டு இசை கோத்ததும், 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது ஏ.ஆர். ரகுமானின் கோடம்பாக்கத்து வீட்டுக் கலைக்கூடத்திலிருந்து புறப்பட்ட ஒலி நம்மூர்த் தேநீர்க் கடைகள் வரையில் வந்து எட்டியதும் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். உறுமிக் குழுவினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்து, யுத்தத்தின் காரணமாக லண்டனுக்குப் பெயர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கி, தந்தையின் பெயரால் ‘அருளர்’ என்ற தொகுப்பை 2005-இலும், தாயின் பெயரால் ‘கலா’ என்ற தொகுப்பை 2007-இலும் வெளியிட்டார். இந்த இரண்டாவது தொகுப்புக்காக அவர் தமிழ்நாட்டுக்கு வந்து மேளக்காரர்களைப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்ற பாட்டுகளில் லண்டன், நியூயார்க் நடன மண்டபங்களை அதிர வைத்தது நீங்கள் திருவிழாவுக்குத் திருவிழா தோளில் மாட்டிக்கொள்கிற உறுமியின் நாதமே. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழுகின்ற அந்த முனகல், மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் தன்மையால், டி.பி.303-இன் ஒலிக்கு எவ்வளவு அணுக்கமான உறவு என்பதை நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ‘மேளம் அடிக்கிற பயல்கள்’ என்று உங்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டல்லவா? அவர்களுக்கு இப்பாட்டுகளைப் போட்டுக் காட்டுங்கள்.

எப்படிக் கேட்பது என்று என்னைக் கேட்டால், சிறிது சொல்வேன். டி.ஆர்.808 போன்ற தாள யந்திரங்கள் ஒரு சுற்றைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் இரண்டிரண்டாகப் பகுத்தால் வருவதும் அதே பதினாறு. ஆகவே கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஹவுஸ் வகையில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய நூற்றிருபது முதல் நூற்று முப்பது அடிகள் சீராக விழும். அந்தச் சீர்மையைக் கேட்டுவிட்டு ‘ஒரே மாதிரி போகிறது’ என்று சொல்லிவிடாதீர்கள், ஏனெனில் மாறுதல் அந்த அடிகளில் இல்லை. எட்டுச் சுற்று, பதினாறு சுற்று முடியுந்தோறும் ஒரு புதிய ஒலி மெல்லப் புகுவதும், பழையதொன்று சொல்லாமல் விலகுவதும், மூடிக்கிடந்த ஒரு நாதம் சிறிது சிறிதாகத் திறந்து பிரகாசமடைவதும்தான் அங்கே நடக்கின்ற காரியம். மனோதர்மத்தோடு ஒரு வித்வான் ராகத்தை விஸ்தாரம் செய்யும்போது நாம் பொறுமை காட்டுகிறோம். அதே பொறுமையில் பாதியை இங்கே செலவழித்தால் போதும். அரை நிமிஷத் துண்டை மட்டும் கேட்பவருக்கு, ஏழெட்டு நிமிஷம் நீள்கின்ற ஓர் இசையின் உச்சம் மட்டுமே கிடைக்கிறது. அந்த உச்சத்தை உச்சமாக்கிய ஏற்றம் கிடைப்பதில்லை. பல கருவிகள் எப்படி இவ்வாறு பிசகாமல் ஒன்றுசேர்ந்து நடக்கின்றன என்று வியப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1983-இல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்த பின்னர், வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒரே கடிகாரத்தின் துடிப்புக்குக் கட்டுப்பட்டு, நம் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைவதைப் போல, ஒன்றாக இயங்கத் தொடங்கின.

இன்னொன்று. கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் அடிநாதம் கேட்காது. மின்னணு இசையில் பாதிக்கு மேல் அடிநாதத்தில்தான் இருக்கிறது. நல்லதொரு காதொலிப்பானில் கேளுங்கள். அல்லது, காரின் பின்பெட்டியில் சாமான் வைக்க இடமில்லாதபடி ஏற்றி வைத்திருக்கிறீர்களே வூஃபர், அதை இந்த நற்காரியத்துக்குப் பயன்படுத்துங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரும்போது மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எப்படி அறிவது என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நேற்று எதைக் கேட்டீர்களோ அதன் சாயலிலேயே இன்றைக்கும் ஒன்றை எடுத்து நீட்டுவது கைப்பேசியின் சுபாவம். அந்தச் சுற்றிலிருந்து வெளியேற உங்களுக்கு உதவுவது பெயர் ஒன்றே. 2006-இல் நம் நாட்டில் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ வந்தபோது, அதிலிருந்த ‘மடை திறந்து’ என்ற பாட்டைக் கேட்ட இளைஞர்களில் விசாரித்தவர்கள் மட்டுமே, அது 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டின் மேல் எழுப்பப்பட்டது என்று கண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து ஒரு பெரிய உலகத்துக்குள் பிரவேசித்தார்கள். அவ்வாறே, டொராண்டோவில் மிருதங்கத்தையும் கணினியையும் இணைத்து இசை செய்கின்ற யான்சன் என்ற ஈழத்துத் தமிழ் இளைஞரின் பெயரை ஒரு முறை அறிந்துகொண்டால், அவரோடு சேர்ந்து பணிபுரிந்த ஷான் வின்சென்ட் டி பாலும், மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பார்கள்.

பெயர் என்பது ரசிகனின் வசதிக்காக மட்டும் அன்று என்பதை நம் காலத்திலேயே கண்டோம். 2021 மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை இந்த வட்டாரத்தில் ஆடாத கல்யாண மண்டபம் இல்லை. சந்தோஷ் நாராயணன் அதற்கு இசையமைப்பாளர்; தீயும் அறிவும் பாடியவர்கள்; இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை நினைவில் வைத்து அறிவு அதில் வரிகளை எழுதினார். ஒப்பாரியின் சாயலும் மின்னணுத் தாளமும் ஒன்றையொன்று விழுங்காமல் நின்ற அந்தப் பாட்டு உலகமெங்கும் சென்றது, டி.ஜே. ஸ்னேக் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு மறுவடிவம் கொடுத்தார். அதே ஆண்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்ற இதழ் தன் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் இட்டு, அறிவை விட்டுவிட்டபோது, இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் பின்னர் எழுந்த வாதங்களுக்குள் நான் நுழைய விரும்பவில்லை. நிலமற்ற உழைப்பாளிகளைப் பற்றிய பாட்டில் அதை எழுதியவரின் முகமே விடுபட்டுப் போனதை, தோட்டத்தில் பிறந்த நாம் மற்றவர்களைக் காட்டிலும் கூர்மையாக உணர வேண்டுமென்று மட்டும் சொல்வேன்.

நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். இந்நாட்டில் வாணிப நோக்கத்தோடு செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல் அங்கேதான். அதற்குக் காரணமான பிரெஞ்சுத் துரை ஆன்றி ஃபோகோனியேயின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் கிடைத்தது. அந்தக் கன்றுகளைச் சுமந்து சென்று குழி தோண்டி நட்டவர்களில் ஒருவருடைய பெயரையாவது உங்களில் யாரேனும் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

ஆதலால் உறுமிக் குழுவினரிடம் என் விண்ணப்பத்தின் இரண்டாவது பாகத்தை வைக்கிறேன். நீங்கள் இப்போதெல்லாம் திருவிழாக்களில் அடிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து வெளியிடுகிறீர்கள். உங்களில் சிலர் அதன் கீழே சிந்தசைசரையும் தாள யந்திரத்தையும் சேர்த்துப் புதியதொன்றைச் செய்யத் தொடங்கியிருப்பதையும் கேட்டு மகிழ்கிறேன். ஆனால் அநேகமாக எல்லாவற்றிலும் குழுவின் பெயர் மட்டும், அதுவும் புலியின் படத்தோடு, பெரிய எழுத்தில் இருக்கிறது. உறுமியைத் தேய்த்தவர் யார், பம்பை யார், தாள யந்திரத்துக்குக் கட்டம் போட்டவர் யார், அந்த அடியை முதலில் சொல்லிக்கொடுத்த ஆசான் யார், எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் என்ற விவரம் இல்லை. பத்து வரிகளில் அடங்கிவிடும் இதை எழுதிச் சேர்ப்பதில் உங்களுக்கு என்ன பிரயாசை? எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் இதைக் கேட்டுத் திகைத்து, உங்களைத் தேடிப் புறப்பட நேர்ந்தால், அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி வேண்டாமா?

கேட்பதற்கு எங்கே தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் சரண்ஜித் சிங்கின் பூபாளியில் தொடங்கலாம். மோகனத்தை அறிந்த செவிக்கு அங்கே வழி தவறாது. ஆசிட் டிராக்ஸை அதற்கடுத்துக் கேளுங்கள். பிறகு ‘பேர்ட் ஃப்ளூ’. இம்மூன்றையும் முழுவதும் கேட்டவர்கள், தாங்களாகக் கண்டெடுத்த, நான் கேள்வியே பட்டிராத ஒரு கலைஞரின் பெயரை, ஊரோடு சேர்த்து எழுதி இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எனக்கு அனுப்பினால், அதைத் தேடிக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுவேன். பிடிக்கவில்லையென்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுவேன்.

இங்ஙனம்,
உங்கள் வட்டாரத்து முதிய ரசிகன்